கூடிச் செய்தால் குறையும் பாரம்

திருப்பதி ஜாத்திரையிலும் சித்தூர்ப் பாரதத்திலும் காளஹஸ்தித் துணியிலும் பலர் கைகோத்துக் கலை செய்கிறார்கள். மனநல விஞ்ஞானம் இன்று தேடும் ஒன்று அங்கே வெகுகாலமாக இருக்கிறது. ஆனால் அது மருந்துக்கு மாற்று ஆகுமா?

மே மாதத்து வெயிலில் திருப்பதி நகரம் ஒரு வாரத்துக்கு அடையாளம் மாறிப்போகிறது. மலைமேல் வேங்கடவனைத் தரிசிக்க வரும் வெளியூர்க் கூட்டத்துக்கு அது தெரியாமலே போகலாம். கீழே, தாத்தய்யகுண்ட கங்கம்மா கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு நாள் உடம்பெல்லாம் வெள்ளை மண் பூசிய பைராகிகள் திரிகிறார்கள். மறுநாள் எல்லாம் குங்குமச் சிவப்பு. அதற்கடுத்த நாள் கரி பூசிக் கறுத்த உடல்கள். இடுப்பிலும் தலையிலும் வேப்பிலை. பிறகு மீசை வைத்த ஆண்கள் பட்டுப்புடவை கட்டி, பூச்சூடி, கை நிறைய வளையலோடு வருகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. அது வேண்டுதல்.

கங்கம்மா ஜாத்திரையின் கதையை ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும். ஊரை ஆண்ட பாளையக்காரன் ஒருவன் கண்ணில் பட்ட பெண்களையெல்லாம் சூறையாடினான். கைகால குலத்து வீடொன்றில் வளர்ந்த கங்கம்மாவையும் தொட வந்தான். அவள் உக்கிர உருவம் எடுத்ததும் ஓடி ஒளிந்தான். அவனை வெளியே வரவழைக்க அவள் நாளுக்கொரு வேஷம் போட்டுத் தெருத்தெருவாக அலைந்தாள். கடைசியில் துரை வேஷத்தில் வந்தபோது அவன் ஏமாந்து வெளிப்பட, தலையைக் கொய்தாள். கைகால குடும்பத்தார் இந்த வேஷங்களை முறைப்படி ஏற்று வீடுவீடாக வருகிறார்கள். அவர்களைத் தொடர்ந்து ஊராரும் நேர்ந்துகொண்டபடி அதே வேஷங்களைப் பூண்டு கோயிலுக்கு வருகிறார்கள்.

எதற்கு நேர்ந்துகொள்கிறார்கள்? குழந்தையின் காய்ச்சல், அம்மை, கூடிவராத கல்யாணம், தீராத வழக்கு, இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு மனச்சுமை. வேஷம் போடுகிறவர் தனியாகப் போட்டுவிட முடியாது. ஒருவர் மண் குழைக்க வேண்டும், ஒருவர் முதுகில் பூச வேண்டும், அக்காவோ மனைவியோ புடவைக் கொசுவத்தை மடித்துச் செருக வேண்டும். தெருவில் நடக்கும்போது முன்பின் தெரியாதவர்கள் காலில் விழுகிறார்கள். நேற்றுவரை தன் சுமையைச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்தவர், ஒரு நாளுக்கு ஊரே பார்த்து வணங்கும் உருவம் ஆகிவிடுகிறார். சில வேஷங்களில் வாய்விட்டு வசை பாடவும் அனுமதி உண்டு. வருஷம் முழுவதும் அடக்கி வைத்ததைக் கொட்ட சம்பிரதாயமே கதவு திறந்துவிடுகிறது.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகப் பேராசிரியை ஜாய்ஸ் ஃப்ளூகிகர் 1992இல் வெல்சேரு நாராயணராவ், டேவிட் ஷூல்மன், டான் ஹாண்டெல்மன் ஆகியோருடன் இந்த ஜாத்திரையைப் பார்க்க வந்தார். பிறகு பலமுறை திரும்பி வந்து, 2013இல் கங்கம்மாவைப் பற்றித் தனிநூலே எழுதினார். ஆண்கள் பெண்ணுருக் கொள்வதை அவர் வெறும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை. ஜாத்திரை நாட்களில் உலகமே பெண்மை ஆகிவிடுகிறது, ஆண்களும் அதற்குள் வந்தாக வேண்டியிருக்கிறது என்பது அவர் வாதம். கதையில் இன்னொரு நுட்பமும் உண்டு. பாளையக்காரனைக் கொன்ற பிறகு கங்கம்மா மாதங்கி வேஷத்தில் போய் அவன் மனைவிக்கு ஆறுதல் சொல்கிறாள். வென்றவள் தோற்றவன் வீட்டுத் துக்கத்தையும் விசாரிக்கிறாள்.

பதினெட்டு நாள் பாரதம்

இதே மனப்போக்கு சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வேறு உருவில் தெரிகிறது. வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து 1911இல் தனி மாவட்டமான பகுதி அது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. எல்லைக்கோட்டுக்கு அந்தப்புறம் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளமாகத் தங்கிவிட்டன. மொழிவாரி எல்லை திரௌபதி அம்மனைப் பிரிக்கவில்லை. கோடை வந்தால் இரண்டு பக்கமும் பாரதம் நடக்கிறது. பகலில் கதாகாலட்சேபம், இரவில் கூத்து. ஆந்திரப் பக்கத்தில் ஹரிகதை என்றும் வீதி நாடகம் என்றும் பெயர் மாறுகிறது, அவ்வளவுதான்.

அர்ச்சுனன் தபசு அன்று நெடிய மரக்கம்பத்தில் நடிகர் பாடிக்கொண்டே ஏறுகிறார். கீழே குழந்தைப்பேறு வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு தரையில் கிடக்கிறார்கள். மேலிருந்து அவர் எறியும் பழமோ பூவோ மடியில் விழாதா என்ற ஏக்கம். மலடி என்ற சொல்லைத் தனியே சுமக்கும் பெண், அன்று அதே சுமையுள்ள பத்துப் பெண்களுக்கு நடுவில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறக்குமா என்பது வேறு விஷயம். தான் ஒருத்தி மட்டும் இல்லை என்பதை அவள் கண்ணால் பார்த்துவிடுகிறாள்.

கடைசி நாளுக்கு ஊரே மண் சுமக்கிறது. திடலில் பல அடி நீளத்துக்குத் துரியோதனன் மல்லாந்து படுத்திருக்கிறான். மண்ணைக் குவித்து, குழைத்து, முகம் வைத்து, மீசை எழுதி, கிரீடம் தீட்டுவதற்குள் விடிந்துவிடும். பீமன் வேஷக்காரர் கதையால் தொடையைப் பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிகிறாள். மாலையில் தீமிதி. தமிழ்நாட்டுப் படுகளங்களில் செத்துக் கிடக்கும் துரியோதனன் தலைமாட்டில் காந்தாரி ஒப்பாரி வைப்பதும் உண்டு. திரௌபதி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் இதையெல்லாம் 1988இலும் 1991இலும் வந்த தம் இரண்டு நூல்களில் பதிவு செய்திருக்கிறார். திருப்பதியில் பாளையக்காரன் மனைவி, இங்கே காந்தாரி. கெட்டவனுக்காகவும் அழ ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒப்பாரியில் சேர்ந்து அழும் பெண்கள் உண்மையில் யாருக்காக அழுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சுவர்ணமுகிக் கரையில்

திருவிழாக் கலை வருஷத்துக்கு ஒருமுறைதான். வருஷம் முழுவதும் நடக்கும் கூட்டுக் கலை ஸ்ரீகாளஹஸ்தியில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போன ஊர் அது. கோயில் திரைச்சீலைகளுக்காக வளர்ந்த கலம்காரி ஓவியம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அழியும் நிலைக்கு வந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1957இல் அங்கே பயிற்சி நிலையம் தொடங்கியது. பிழைத்தது கலை. அந்த மரபில் வந்த ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கலம்காரியில் அவசரத்துக்கு வழியே இல்லை. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்துக் காயப் போட வேண்டும். பாலின் கொழுப்பு மசி பரவாமல் தடுக்கும். புளியங்குச்சியைச் சுட்ட கரியால் படம் எழுத வேண்டும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பானைத் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவிட்டால் கசிமி என்ற மசி கிடைக்கும். மூங்கில் குச்சியின் நுனியில் கம்பளி சுற்றிய கலத்தை அதில் தோய்த்து, விரலால் அழுத்தியபடி கோடு இழுக்க வேண்டும். பானையில் மங்கலாக இருந்த மசி, துணியிலுள்ள கடுக்காய்த் துவர்ப்பைத் தொட்டதும் கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவி, சாய வேரோடு கொதிக்கவிட்டால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் ஓடும் நீரில் அலச வேண்டும். சுவர்ணமுகியில் தண்ணீர் ஓடாத மாதங்களில் அதற்கும் தனிப்பாடு.

ஒரு துணி ஒருவர் கையில் முடிவதில்லை. அனுபவசாலி உருவம் எழுதுகிறார். மற்றவர்கள் நிறம் நிரப்புகிறார்கள். வேறு சிலர் அலசி உலர்த்துகிறார்கள். ஒரு காலத்தில் ஆண்களின் தொழிலாக இருந்த இதில் இன்று பெண்கள் பெருமளவில் இருக்கிறார்கள். ஒரே துணியின் இரு பக்கமும் உட்கார்ந்து, குனிந்த தலையோடு, கை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாதது, கண் துணியில் இருக்கும்போது வாயில் வந்துவிடுகிறது. பாய் முடையும் திண்ணையிலும் பூக்கட்டும் வாசலிலும் தமிழ்ப் பெண்களுக்குப் பழக்கமான விஷயம்தான் இது.

விஞ்ஞானம் தரும் சாட்சி

இந்த அனுபவத்தை அளந்து பார்க்க முயன்றவர்கள் உண்டு. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் 39 பேரைக் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் என்று 45 நிமிஷம் விருப்பம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேருக்கு எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு குறைந்தது. முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், கலந்துகொண்டவர்களும் நோயாளிகள் அல்லர். 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 3,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலை மனநலத்துக்கும் உடல்நலத்துக்கும் துணை செய்கிறது என்று அறிவித்தது. 'துணை' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

உலகில் வேறு இடங்களிலும் முன்னோடிகள் உண்டு. பிரேசிலின் ரியோ நகர மனநல விடுதி ஒன்றில் டாக்டர் நிசே ட சில்வேரா, நோயாளிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுக்க மறுத்து, 1946இல் அவர்களுக்கு ஓவியக்கூடம் திறந்தார். அங்கே உருவான படங்களுக்கு 1952இல் ஓர் அருங்காட்சியகமே எழுந்தது. தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மட்டக்களப்பு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1996இல் கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் ஏசுசபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் கிராமங்களின் குழந்தைகள் ஒன்றாக வந்து மண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள். பார்த்ததைச் சொல்லும்படி யாரும் அவர்களை நச்சரிக்கவில்லை. சொல்ல வேண்டியதைக் களிமண் சொல்லியது.

தமிழ்நாட்டிலேயே ஒரு முக்கியமான ஆய்வு நடந்திருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த டாக்டர் ரகுராம் குழுவினர், கடும் மனநோயோடு கிராமக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்தார்கள். மருந்து இல்லை, சடங்கு சிகிச்சை என்றும் தனியாக எதுவும் இல்லை. காலையில் பூஜை, பிறகு கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற எளிய வேலைகள், பக்கத்தில் குடும்பத்தார் ஒருவர். சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான அந்த ஆய்வு, பரிவான, அச்சமற்ற சூழ்நிலையையே காரணமாகச் சுட்டியது.

துடைப்பமோ கலமோ, களிமண்ணோ குங்குமமோ, பொருள் எதுவானாலும் அடியில் ஓடும் சரடு ஒன்றுதான். மனம் உடைந்தவரிடமிருந்து முதலில் பறிபோவது அவருக்கென்று இருந்த வேலையும் இடமும். கூட்டுக் கலை இரண்டையும் திருப்பித் தருகிறது. 'நீ வந்தால்தான் இந்த மூலை நிறம் பெறும்' என்று ஒரு துணி சொன்னால், காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. அழகான படம் வந்ததா என்பது பிற்பாடு.

ஏர்வாடியை மறக்கலாமா?

இந்தக் கதையின் மறுபக்கத்துக்கு ஏர்வாடி என்று பெயர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். தர்காவை நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். நம்பிக்கையின் பெயரால் 'இடம்' கொடுப்பதாகச் சொல்லிக் கொட்டடி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம். மனநோயாளிகளை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை விதித்திருக்கிறது.

ஜாத்திரை வேஷம் மனச்சிதைவைக் குணப்படுத்தாது. கலம்காரி கடும் மனச்சோர்வைத் தனியே போக்கிவிடாது. தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு டாக்டரும் மருந்தும் உடனடியாக வேண்டும். அங்கேதான் பள்ளம் பெரிது. 2015-16இல் 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு இருந்தார்கள். நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை. தமிழ்நாடு அதில் இடம்பெற்றது, ஆந்திரம் இடம்பெறவில்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் திருச்சி உள்பட நான்கு மாவட்டங்களில் தொடங்கிப் பிறகு நாடெங்கும் விரிந்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416இல் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

கோயிலா ஆஸ்பத்திரியா என்று சண்டை போடத் தேவையில்லை என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் பிரார்த்தனையும் மருந்தும் ஒரே வளாகத்தில் கிடைக்க வழி செய்தார்கள். தர்காப் பணியாளர்களே, தேவைப்படுபவரை டாக்டரிடம் அனுப்புகிறார்கள். அதே வழி பின்னால் ஏர்வாடிக்கும் வந்தது. கங்கம்மா கோயில் வாசலிலும் பாரதத் திடலிலும் ஒரு மேஜை, ஒரு மனநல ஊழியர், கையில் ஒரு மாத மருந்து என்று ஏன் வைக்கக்கூடாது? ஆஸ்பத்திரி தேடிப் போகக் கூச்சப்படும் குடும்பம் அங்கே தானாகவே வந்து நிற்கிறது.

இடம் யாருக்கு?

ஆனால் அந்தத் திடலே சுருங்கிவருகிறது என்பதுதான் கவலை. திருவிழா என்றால் ஒலிபெருக்கியும் ஃப்ளெக்ஸ் பேனரும் என்று ஆகும்போது, கைவைத்துச் செய்தவர்கள் கைகட்டி நின்று பார்ப்பவர்களாகிறார்கள். காளஹஸ்தியின் கையெழுத்துக் கலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. கடைகளிலோ கலம்காரி என்ற பெயரில் அச்சுத் துணி மலிவாகக் குவிகிறது. வாங்குகிறவருக்கு மிச்சம் சில நூறு ரூபாய். வரைகிறவருக்கு நஷ்டம் கூலியோடு நிற்பதில்லை. உடன் உட்கார்ந்து பேச இருந்த வட்டமும் கலைந்துபோகிறது.

மரபு எல்லோருக்கும் சம இடம் கொடுத்ததாகப் பாசாங்கு செய்யவும் கூடாது. எந்த வேஷம் எந்தக் குடும்பத்துக்கு, யார் மேடையில், யார் எட்டத்தில் என்பதைப் பல ஊர்களில் ஜாதி தீர்மானித்திருக்கிறது. பைத்தியம் என்று பெயர் எடுத்தவரை மண் சுமக்கக்கூடக் கூப்பிடாத ஊர்களும் உண்டு. கூட்டுக் கலையின் பலனை உண்மையில் சோதிக்கும் கேள்வி இதுதான்: யாருக்கு அது மிகவும் தேவையோ, அவருக்கு அந்த வட்டத்தில் ஒரு பலகை போடப்படுகிறதா? போடுவதற்குப் பெரிய செலவு இல்லை. பள்ளிக்கூட வராந்தாவோ மகளிர் குழுக் கட்டடமோ போதும். வாரம் ஒரு நாள், ஒரு பெரிய துணி, சில கலங்கள், அவசரப்படுத்தாத ஓர் ஆசிரியர். டாக்டரின் மருந்துச் சீட்டு பையில் இருக்கட்டும்.

ஜாத்திரையின் கடைசி இரவில் கங்கம்மா கோயில் முன்னால் அம்மனின் பிரமாண்டமான முகத்தைக் களிமண்ணில் எழுப்புகிறார்கள். இரவெல்லாம் பாடுபட்டுச் செய்த அந்த முகம் காலையில் கலைக்கப்பட்டுவிடுகிறது. நோய்க்கு நல்லது என்று அந்த மண்ணை வாங்கக் கூட்டம் முண்டியடிக்கிறது. கிடைத்ததை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த மண்ணில் மருந்துச் சத்து எதுவும் இல்லை என்று எந்த டாக்டரும் சொல்லிவிடுவார். பலர் கை பட்டுக் குழைந்த மண் அது என்பதை மட்டும் அவராலும் மறுக்க முடியாது.